ஜாக்கிரதை, உள்ளே செங்கல்

அத்தையின் மேஜை நடுவில் ஒரு செங்கல் இருந்தது. அதைச் சுற்றி, அது வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகள், பபிள் ஷீட், மூலைக்கு முட்டுக்கொடுத்த அட்டைகள், டேப் துண்டுகள் என்று சகல பரிவாரங்களும் இருந்தன.

"மாப்பிள்ளை, கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. என்ன தோணுது?"

"செங்கல்னு தோணுது அத்தை. வீடு கட்டறதா இருந்தா இன்னும் கொஞ்சம் ஆர்டர் போடணும்."

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த நர்ஸ் சிரிக்கவில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடி அழலாமா என்று யோசிக்கும் நிலையில் இருந்தார்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பிடிக்காமல், வீட்டு முன்னறையில் ஒரு போர்டு மாட்டித் துப்பறிய ஆரம்பித்தார். விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு வேலை போன அதே வாரம் அத்தைக்கு உதவியாள் தேவைப்பட்டது. மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக்கூடாது என்பதில் மட்டும் அத்தை கறார். "மாப்பிள்ளை, கொஞ்சம் அந்தச் சாக்கடைக்குள்ள இறங்கிப் பாருங்க" என்று பன்மையில்தான் சொல்வார்.

நர்ஸின் கதை இதுதான். குழந்தைகள் வார்டில் வேலை. விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட, போக முடியாமல் கட்டிலோடு கிடக்கும் குழந்தைகளுக்காக ஒரு விளக்கு வாங்க நினைத்திருக்கிறார். அறையை இருட்டாக்கிப் போட்டால் கூரை முழுக்க நட்சத்திரம் தெரியும் விளக்கு. கூட வேலை செய்பவர்களும் சில பெற்றோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். ஆன்லைனில் ஒரு கடை, சீசன் தள்ளுபடியில் பாதி விலை என்றது. பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுத்தால் போதும் என்றது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஆர்டர் போட்டுவிட்டார்.

பெட்டி வந்தது. பணத்தைக் கொடுத்தால்தான் பெட்டி, பெட்டியை வாங்கினால்தான் பிரிக்கலாம். அவ்வளவு அழகாகக் கட்டியிருந்த பெட்டியைப் பார்த்ததும் சந்தேகமே வரவில்லையாம். அன்று இரவு தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, மறுநாள் காலை எல்லார் முன்னிலையிலும், குழந்தைகள் கைதட்ட, பிரித்தார். செங்கல். கடையின் வெப்சைட் மாயமாகிவிட்டிருந்தது. போன் அடிக்கவே இல்லை.

"பணம் போனா போகுதும்மா," என்றார் நர்ஸ். "ராத்திரி முழுக்க பெட்டி என்கிட்டதானே இருந்தது? விளக்கை எடுத்துட்டு நானே செங்கலை வெச்சிட்டேன்னு யாரும் நேரா சொல்லலை. ஆனா நான் உள்ள வந்தா பேச்சு நிக்குது. விடுமுறைக்கு முன்னாடி பதில் சொல்லணும், இல்லேன்னா வேற வார்டுக்கு மாத்திடுவேன்னு ஹெட் நர்ஸ் சொல்லிட்டாங்க. இந்தப் பக்கம் கையில கட்டுப் போட்ட ஒரு பொண்ணு, நட்சத்திரம் எப்போ வரும்னு தினமும் கேக்குது. நான் அதுக்கு என்ன பதில் சொல்றது?"

இப்படியெல்லாம் ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விளம்பர உலகில் இருந்தவன் என்ற முறையில் நர்ஸுக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். பாதி விலை என்றாலே பாதி பொய். முகவரி இல்லாத கடை கடையே அல்ல. பிரித்துப் பார்க்கவிடாமல் பணம் கேட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். 'இன்னும் சில நிமிடங்களே' என்று கடிகாரம் ஓடினால் நாமும் எதிர்த்திசையில் ஓட வேண்டும். நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அத்தை செங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, செங்கல் கீழே விழுந்தா உடையுமா?"

"என் தலையில விழுந்தா தலை உடையும்."

"அப்புறம் ஏன் இதைக் குழந்தை மாதிரி சுத்தி வெச்சிருக்கான்?"

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். வெளிப்பெட்டிக்குள் எட்டு மூலைக்கும் அட்டை முட்டு. இரண்டு சுற்று பபிள் ஷீட், ஒரு சுருக்கம் இல்லாமல். ஒவ்வொரு டேப்பின் நுனியும் சின்னதாக மடித்து, விரலால் பிடித்து இழுக்க ஒரு காது போல விட்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். கத்தியே இல்லாமல் சர்ரென்று வந்தது.

"ஏமாத்தறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்," என்றார் அத்தை. "மெனக்கெடாம இருக்கத் தெரியாத கை இது. பெட்டியைப் பிரிக்கக் கத்தி எடுக்கவே கூடாதுன்னு நினைக்கிறது யாரு? கீறல் விழுந்தா சரக்கே போச்சுன்னு இருக்கறவங்க. கண்ணாடிக் கடைக்காரங்க. இப்போ உள்பெட்டியைப் பாருங்க."

உள்பெட்டி வேறு ஜாதி. கோணல் மாணலாக வெட்டி, மூடியில் ஏதோ பசையைப் பாம்பு போல நெளிய விட்டு, கட்டை விரலால் அமுக்கி ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். வினிகர் வாடை.

"மீன் தொட்டி ஒட்டற சிலிக்கான் பேஸ்ட்," என்றார் அத்தை. "ஒரு பெட்டிக்கு ரெண்டு கை மாப்பிள்ளை. ஒண்ணு தங்கமான கை. இன்னொண்ணு கருமம் பிடிச்ச கை. பார்சல் அனுப்பின ஊரு நம்ம ஊர்தான்னு மேல சீட்டே ஒட்டியிருக்கு. கிளம்புங்க, மீன் தொட்டி வாங்கலாம்."

கண்ணாடிக் கடைகள் எல்லாம் ஒரே தெருவில் இருந்தன. அதில் மீன் தொட்டியும் செய்கிற கடை ஒன்றே ஒன்று. உள்ளே நுழைந்தால் நாலு பக்கமும் நானே தெரிந்தேன். இவ்வளவு தொப்பை எனக்கு எப்போது வந்தது என்று திரும்பிப் பார்க்கையில் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

கடையே உறைந்து போனது. கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த பெண் கையைத் தூக்கிவிட்டார். கல்லாவில் இருந்த முதலாளி நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என் காலடியைப் பார்த்தார். சாவிதான் என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"மன்னிச்சுக்கோங்க சார். இந்தத் தொழில்ல சத்தம் கேட்டா பாதி உயிர் போயிடும்," என்றார்.

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அத்தை ஒரு சின்னத் தொட்டிக்கு அளவு சொல்லிவிட்டு, அதுவரை கைக்கு இருக்கட்டும் என்று ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் வாங்கினார். முதலாளி அதைப் பழைய தாளில் சுற்றிய அழகைப் பார்த்தால் கண்ணாடியே அழும். பேக் பண்ண ஆள் இல்லையா என்று அத்தை கேட்டதும் அவர் பெருமூச்சு விட்டார். அருமையான ஆள் ஒருவன் இருந்தானாம். பஞ்சு என்று கூப்பிடுவார்களாம். வியாபாரம் படுத்துவிட்டதால் அனுப்ப வேண்டியதாயிற்று. இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. எல்லாரும் ஆன்லைனில் வாங்கப் போய்விட்டார்கள்.

"நீங்களும் ஆன்லைன்ல விக்கலாமே?" என்றேன்.

"எனக்கு போன்ல பச்சை பட்டன், சிவப்பு பட்டன் ரெண்டுதான் சார் தெரியும்."

கடைக்குள் வினிகர் வாடை வீசியது. எனக்கு வழக்கு முடிந்துவிட்டது. வேலை போன கோபம், தெரிந்த தொழில், கையில் பழைய கடையின் பேஸ்ட். பஞ்சுதான் ஆள். பக்கத்து போட்டோ ஃபிரேம் கடையில் கேட்டதும் பஞ்சுவின் இருப்பிடம் கிடைத்தது. யாருக்கும் பயந்து மறைந்து வாழ்கிற ஆள் மாதிரி தெரியவில்லை என்று அத்தை முணுமுணுத்ததை நான் காதில் வாங்கவில்லை.

ஒரு வீட்டின் கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். பஞ்சு என்ற பேருக்கு ஏதோ ஒல்லியான ஆளை நான் எதிர்பார்த்தேன். கதவைத் திறந்தவர் கதவு அளவுக்கே இருந்தார். கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல மெதுவாக அசைந்தன. பின்னால் கூரை வரை பெட்டிகள். ஒவ்வொரு டேப்பிலும் காது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க," என்றேன், பாதி வெளியே நின்றபடி.

"உள்ள வாங்க சார், வெயில்ல நிக்காதீங்க," என்றார் அவர்.

விசாரணை இப்படி ஆரம்பித்தால் எப்படி மிரட்டுவது? அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, நிதானமாகக் கேட்டார். பஞ்சுவும் ஒளிக்காமல் சொன்னார். கடையிலிருந்து நிறுத்தப்பட்ட சில நாளிலேயே போனில் ஒரு செய்தி வந்ததாம். உடையும் பொருட்களைப் பேக் பண்ண வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று. மதிய நேரத்தில் ஒரு வேன் சீல் வைத்த சின்னப் பெட்டிகளைக் வாசல் கேட் அருகே வைத்துவிட்டுப் போகும். அவர் வெளிப்பெட்டி கட்டி, கொடுத்த விலாசத்தை ஒட்டி, பார்சல் ஆபீஸில் போடுவார். வேலை கொடுத்தவரைப் பார்த்ததே இல்லை. எல்லாம் ஏதோ தெரியாத நம்பரிலிருந்து வரும் போன் செய்திதான்.

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்கலையா?"

"அடுத்தவங்க சீலை எப்படிம்மா பிரிக்கிறது? விளக்கு, உடையும்னு எழுதியிருந்தது. எடையைப் பார்த்தா கனமான கண்ணாடி போலன்னு நினைச்சு, இன்னும் ஒரு சுத்து கூட போட்டேன்."

சுவர் ஓரம் அன்று அனுப்ப வேண்டிய பெட்டிகளை அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றின் முன் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"மாப்பிள்ளை, இந்த விலாசம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே."

எனக்குக் காது வரை சூடேறியது. அது என் விலாசம். என் மனைவிக்கு விடுமுறைப் பரிசு. அறை முழுக்க நட்சத்திரம் தெரியும் விளக்கு இல்லை, அது நிலா தெரியும் விளக்கு. கடை பேரும் வேறுதான். ஆனால் பாதி விலை. கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அதோடு ஓடி, கடைசி நிமிடத்தில் ஆர்டர் போட்டு, ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பெரிய படிப்பு படிச்சவர். தெரிஞ்சுதான் போட்டிருப்பீங்க," என்றார் அத்தை, மரியாதை ஒரு குன்றிமணி குறையாமல். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

பெட்டி என்னுடையது என்பதால் பிரிக்கும் உரிமையும் என்னுடையதாயிற்று. காதைப் பிடித்து இழுத்தேன். நிலா இல்லை. செங்கல்.

பஞ்சு அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. போலீஸ் வருமா, ஜெயிலா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நர்ஸைப் பற்றி அத்தை சொன்னதும் ஒரே ஒன்றைத்தான் சொன்னார்.

"பெட்டியைப் பார்த்துதானேம்மா நம்பிப் பணம் கொடுத்திருக்காங்க. அப்போ ஏமாத்தினது என் கைதான்."

அத்தை அவர் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஷெட்டில் எங்குமே சிலிக்கான் பேஸ்ட் இல்லை என்பதை அதற்குள் பார்த்துவிட்டிருந்தார். "உங்க கையோட அருமை தெரிஞ்ச ஒருத்தன்தான் அதை வாடகைக்கு எடுத்திருக்கான். யாருன்னு உங்க கையாலயே கண்டுபிடிக்கலாம். நாளைக்கு நான் சொல்லும்போது அந்த நம்பருக்கு ஒரு செய்தி அனுப்பணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை தொட்டி வாங்க மறுபடி அதே கடைக்குப் போனோம். ஒரு ஓரத்தில் கட்டுமஸ்தான ஆள் ஒருவர் ஆளுயரக் கண்ணாடி முன் நின்று மீசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்குகிற மாதிரி தெரியவில்லை. முதலாளி தொட்டியைத் துடைத்துக் காட்டி, ஒரு சொட்டுகூட ஒழுகாது என்று உறுதி சொன்னார். மூலைகளில் பேஸ்ட் பாம்பு போல நெளிந்திருந்தது. அத்தை எனக்குக் கண்ணைக் காட்ட, நான் பஞ்சுவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முதலாளியின் சட்டைப்பை அதிர்ந்தது. போனை எடுத்துப் படித்தார். பச்சை பட்டன், சிவப்பு பட்டன் தவிர வேறு தெரியாதவர், இரண்டு கட்டை விரலாலும் தட்டச்சுப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர் போலத் தட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். தொட்டியைத் துடைப்பதைத் தொடர்ந்தார்.

இப்போது என் போன் அதிர்ந்தது. பஞ்சு, தான் அனுப்பியதையும் தனக்கு வந்ததையும் அப்படியே எனக்கு அனுப்பியிருந்தார். அத்தை தலையாட்டியதும் உரக்கப் படித்தேன்.

"'ஒரு பெட்டி கை தவறிக் கீழே விழுந்துவிட்டது. உள்ளே உடைந்த சத்தம் கேட்டது. பிரித்துப் பார்க்கட்டுமா?' இதுக்கு வந்த பதில்: 'பிரிக்காதே. ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியே அனுப்பு.'"

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

"நேத்து என் மாப்பிள்ளை சாவியைப் போட்டதுக்கு நாற்காலியை விட்டே எழும்பினீங்க," என்றார் அத்தை. "இன்னிக்கு உடையற விளக்கு உடைஞ்சு போச்சுன்னு செய்தி வருது. உங்களுக்குக் கண்ணு கூடச் சிமிட்டலை. உடையாதுன்னு தெரிஞ்சவருக்குத்தானே அந்தத் தைரியம் வரும்?"

யாரோ தவறான நம்பருக்கு அனுப்பியிருக்கிறார்கள், தனக்கு வந்தது வேறு செய்தி என்று முதலாளி ஏதேதோ சொன்னார். சரி, அப்படியே இருக்கட்டும் என்ற அத்தை, பஞ்சுவுக்குப் பதில் வந்த நம்பருக்கு ஒரு கால் போடும்படி என்னிடம் சொன்னார். போட்டேன். முதலாளியின் சட்டைப்பை பாடியது. கண்ணாடி வெட்டும் பெண் தன் வேலையை நிறுத்திவிட்டுத் தன் முதலாளியை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மீசைக்காரர் திரும்பினார். நேற்று மாலையே அத்தை போய்ப் பேசி அழைத்து வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அவர். பின்பக்க அறையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். அங்கே உள்பெட்டிகளும், கொல்லைச் சுவர் கட்ட வாங்கிய செங்கலில் மிச்சமும் இருந்தன.

முதலாளி கடைசியில் கையிலிருந்த துணியைத் தொட்டி மேல் வீசினார். "என்னை யாரும்மா பார்த்தாங்க? என் கடைக்கு வர்றவன் கண்ணாடியில தலையைச் சீவிட்டு, போன்ல வேற இடத்துல ஆர்டர் போடறான். அவனுங்களை நான் ஏன் பார்க்கணும்?"

"உங்க நஷ்டத்துக்கு வார்டுல படுத்திருக்கற குழந்தை என்ன பண்ணும்?" என்றார் அத்தை. "வேலையை விட்டு அனுப்பின ஆளையே முகம் காட்டாம வேலைக்கு வெச்சீங்க பாருங்க, அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க. வேற யாராவது கட்டியிருந்தா அது வெறும் செங்கல். நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் அன்றே ஹெட் நர்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னார். பணம் திரும்பி வர நாளாகும் என்றார். ஆனால் பஞ்சு காத்திருக்கத் தயாராக இல்லை. செங்கல் கட்டி வாங்கிய கூலி தன் கையில் தங்காது என்று ஒரே பிடிவாதம். நர்ஸையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு நிஜக் கடைக்குப் போனார். கதவு, படி, கல்லா எல்லாம் உள்ள கடை. விளக்கை அங்கேயே போட்டுப் பார்த்து, பில் கேட்டு வாங்கினார். பிறகு, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அதை வீட்டுக்கு எடுத்துப் போய் அழகாகக் கட்டினார்.

விடுமுறை தொடங்கும் நாள் அந்தப் பெட்டி வார்டுக்கு வந்தது. சுற்றிலும் அதே நர்ஸுகள், அதே குழந்தைகள். நம்முடைய நர்ஸ் பெட்டியைத் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டார். கடையில் எரிந்ததைப் பார்த்தவன் நான், இருந்தும் செங்கல் வந்துவிடுமோ என்று ஒரு நொடி பயந்தேன். அவர் கத்தரிக்கோலைத் தேடினார்.

"கத்தி வேண்டாம்மா," என்றார் பஞ்சு, வாசலிலேயே நின்றபடி. "அந்தப் பாப்பாகிட்ட கொடுங்க."

ஒரு கையில் கட்டுப் போட்டிருந்த சிறுமி மறு கையின் இரண்டு விரலால் டேப்பின் காதைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று வந்தது. அவளே இன்னொன்றை இழுத்தாள். பெட்டி திறந்துகொண்டது. திரைகளை இழுத்து மூடினார்கள். யாரோ சுவிட்சைப் போட்டார்கள்.

கூரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் போட்ட சத்தம் அடுத்த வார்டு வரை கேட்டிருக்கும். பஞ்சு தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை என் பக்கம் சாய்ந்து, "என் மகளுக்கும் இதே கடையில ஒண்ணு வாங்கலாமே மாப்பிள்ளை, முழு விலைக்கு," என்றார்.

நம்முடைய நர்ஸ் வெளிச்சம் கம்மியான ஓரத்தில், மற்ற நர்ஸுகள் கூடி உட்கார்ந்து பேசும் மேஜையை நோக்கிப் போனார். பாதி வழியில் தயங்கினார். நானும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு நிற்கவில்லை. ஒருவர் பேசிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து, அவருக்கு பெஞ்சில் இடம் விட்டார்.